பிள்ளைக்காம்பராவின் மேல் சாய்ந்த மரம்

பசறை பஸ் நிலையத்தில் ஜெயந்தினியைப் பார்ப்பவர்கள், தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வீட்டுச் சாமான் வாங்க வந்த பெண் என்றுதான் நினைப்பார்கள். நாற்பது வயதைத் தொட்ட, குள்ளமான, தோள் அகன்ற பெண். கையில் மட்டும் நீளமான பெட்டி ஒன்று இருக்கும். அதை வாங்கி இஞ்சின் பக்கத்தில் வைக்கும் கண்டக்டர்கள் முன்பெல்லாம் உள்ளே என்ன என்று கேட்பார்கள். மடுல்சீமைப் பக்கம் ஓடும் பஸ்களில் இப்போது யாரும் கேட்பதில்லை. அது அக்காவின் மெசின் என்று எல்லோருக்கும் தெரியும்.

மெசின் என்றால் செயின்சோ, மரம் அறுக்கிற சங்கிலி வாள். மரம் வெட்டுகிற ஆண்கள் அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நேராக நிற்கிற மரத்தை வெட்டித் தள்ள அவர்களில் யாரையும் கூப்பிடலாம். காற்றில் பாதி முறிந்தது, வேர் கிளம்பிச் சாய்ந்தது, மின்னல் பிளந்தது, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து தொங்குவது, இப்படிக் கெட்டுப்போன மரங்கள்தான் அவளைத் தேடி வரும். வருகிறவர்கள் முதலில் அவளுடைய கணவனைப் பார்த்துத்தான் பேசத் தொடங்குவார்கள். புவனேந்திரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மரம் வெட்டுறது அவங்க. அவங்ககிட்ட சொல்லுங்க" என்று கையைக் காட்டிவிட்டுச் சங்கிலியை அரத்தால் தீட்டிக்கொண்டிருப்பான்.

அவன் அப்படிச் சொல்லப் பழகுவதற்கு வெகுநாள் பிடித்தது.

முன்பு மரம் வெட்டியவன் அவன்தான். வாட்டசாட்டமான ஆள்; மரத்தைப் பார்த்தவுடனே இது எங்கே விழும் என்று சொல்லிவிடுவான், அங்கேதான் விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயந்தினியும் கூடப் போவாள். கயிறு இழுப்பது, கிளைகளை ஒதுக்குவது, சோறு கட்டிக்கொண்டு போவது அவள் வேலை. அப்படிப் போன ஒரு நாளில், ஓடைக்கரையில் சரிவுப் பக்கமாக நன்றாகச் சாய்ந்து நின்ற ஒரு சவுக்கு மரத்தை அவன் பின்னாலிருந்து அறுத்துக்கொண்டு போனான். பாதி தூரம்கூட அறுத்திருக்க மாட்டான். மரம் விழவில்லை. நின்றபடியே நெடுக்காகப் பிளந்தது. பிளந்த பாதி முன்னால் சாய, பின்பாதி அடியோடு எகிறி அவன் இடுப்பில் அடித்தது. அது நடந்தபோது அவள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரம் வெடித்த சத்தத்தைத்தான் முதலில் கேட்டாள். அவன் கத்தவே இல்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் இடுப்புக்குள் கம்பி வைத்துக் காப்பாற்றினார்கள். ஒரு கால் குட்டையாகிவிட்டது. நடக்கலாம், ஆனால் சரிவில் ஓட முடியாது. மரம் வெட்டுகிறவனுக்கு ஓட முடியாத கால் இருந்தால் அத்தோடு தொழில் முடிந்தது. அது விதி என்று அவன் சொன்னான். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஜெயந்தினிக்கு மட்டும் அது போதவில்லை. அந்த மரம் ஏன் பிளந்தது? மற்ற மரங்கள் ஏன் பிளக்கவில்லை? கொழுந்து எடுக்கும்போதும், குசினியில் ரொட்டி தட்டும்போதும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

மெசினின் வாள் தகடு அன்றைக்கு வளைந்துபோயிருந்தது. சரி செய்து விற்றுவிடலாம் என்று அதை வெலிமடைக்குக் கொண்டுபோனாள். அங்கே அஸ்ஹர் என்பவரின் பழுதுபார்க்கும் கடை. அவர் பல வருடங்கள் காட்டில் மரம் வெட்டும் கூப்புகளில் வேலை செய்துவிட்டு, மெசின் பிடிப்பவர்களுக்கு வகுப்பும் நடத்திக்கொண்டிருந்தார். தகட்டைக் கழற்றிப் பார்த்தவர் என்ன நடந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் எழுந்து போய் ஒரு பச்சைக் கம்பை ஒடித்துக்கொண்டு வந்து, வில்லைப் போல வளைத்துப் பிடித்தபடி, வளைவின் முதுகுப் பக்கத்தைக் கத்தியால் லேசாகக் கீறினார். கம்பு கீறிய இடத்தில் முறியவில்லை. நீளவாக்கில் வாயைப் பிளந்துகொண்டது.

சாய்ந்த மரம் இப்படித்தான் நிற்கிறது, முதுகு இழுபட்டு, என்றார் அஸ்ஹர். பின்னாலிருந்து அறுத்தால் முறியும் முன்னால் பிளக்கும். அதனால் பின்னால் தொடவே கூடாது. முதலில் சாயும் பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்ட வேண்டும். அப்புறம் பக்கத்திலிருந்து வாளின் நுனியை மரத்துக்குள் குத்தி நுழைத்து நடுவை அறுக்க வேண்டும். முன்னால் கதவுக் கீல் மாதிரி ஒரு பட்டி மரம் அப்படியே இருக்க வேண்டும். பின்னாலும் ஒரு பிடி மிச்சமிருக்க வேண்டும். அந்தப் பின்பிடி இருக்கிற வரைக்கும் மரம் அசையாது. எல்லாம் முடிந்து, ஓடுகிற வழியைப் பார்த்து நின்றுகொண்டு, கடைசியாக அதை அறுத்தால் மரம் ஒரே மூச்சில் போகும். பிளக்க நேரம் இருக்காது.

ஜெயந்தினி அந்தக் கம்பைக் கையில் வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு, மெசினை விற்கவில்லை, சரி செய்து மட்டும் கொடுங்கள் என்றாள். அடுத்த வகுப்பு எப்போது என்றும் கேட்டாள்.

வீட்டில் பெரிய சண்டை. புவனேந்திரன் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசினான். ஒருத்தன் முடமானது போதாதா என்றான். பள்ளிக்கூடம் போகிற மகளை யார் பார்ப்பது என்றான். பொம்பளை மரம் வெட்டினால் ஊர் என்ன பேசும் என்று சொல்ல வந்து, அதை மட்டும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டான். அவள் விடவில்லை. விதி என்றால் பயப்படலாம், இது விதி இல்லையே, ஒரு வெட்டுப் பிழைதானே, பிழையைத் தெரிந்துகொண்ட பிறகு என்ன பயம் என்று கேட்டாள். பிழை என்ற சொல் அவனைச் சுட்டது. பல நாள் பேசவில்லை. வகுப்புக்கு அவள் தனியாகத்தான் போய் வந்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக, தன் கால் அளவுக்கு மிகப் பெரிய பூட்ஸைக் கட்டிக்கொண்டு. கடைசியில் அவன் சமாதானமானதுகூடப் பேச்சால் இல்லை. ஒரு காலையில் அவள் எழுந்து பார்த்தபோது சங்கிலியின் பற்கள் எல்லாம் தீட்டப்பட்டு மினுங்கின.

அதிலிருந்து இருவருக்கும் சேர்த்து ஒரு தொழில் ஆயிற்று. அவள் வெட்டுவாள். அவன் தூரத்தில் மேடான ஓரிடத்தில் ஊதலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பான். மெசின் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்காது. கண்ணும் மரத்தில்தான் இருக்கும். மேலே கிளை அசைந்தாலோ, யாராவது உள்ளே வந்தாலோ அவன் ஊதுவான். அந்த ஊதல் மட்டும் காதுமூடியைத் தாண்டி உள்ளே போகும். ஊதல் கேட்டால் காரணம் கேட்காமல் நிறுத்துவது அவர்களுக்குள் சட்டம்.

அப்படி இருக்கையில் ஒரு வருடம் வந்த புயல் மலையையே உலுக்கிப் போட்டது. மண் சரிந்து பாதைகள் போயின. லயங்கள் மண்ணுக்குள் போன இடங்களும் உண்டு. நிற்கிற மரங்களில் பாதி நம்ப முடியாதவையாக இருந்தன. பாதைகள் திறக்கத் திறக்க ஜெயந்தினிக்கு ஓய்வே இல்லை. அப்படி ஒரு நாள் பிரதேச செயலகத்திலிருந்து அனர்த்த நிவாரண வேலைகளைப் பார்க்கும் அதிகாரி அழைத்தார். சதீசன் என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர், இளம் வயது, மலைநாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூம்புமலைத் தோட்டத்தில் ஒரு மரம் இருக்கிறது, அதனால் ஒரு லயம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். குரலில் தூக்கம் இல்லாதது தெரிந்தது.

கூம்புமலை மடுல்சீமைக்கும் அப்பால். பஸ் போகும் பாதை முடிந்து, லேண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் குலுங்கி, அதற்கும் மேல் மண்சரிவைத் தாண்டி நடந்து போக வேண்டும். புவனேந்திரன் தடியை ஊன்றி நடந்தான். மெசினை அவள் சுமந்தாள். பெட்ரோல் கேனையும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் கை விஞ்சையும், இரும்புக் கயிற்றையும் சதீசனும் தோட்டத்து ஆட்களும் பகிர்ந்துகொண்டார்கள்.

மரத்தைப் பார்த்ததும் புவனேந்திரன் தடியை ஊன்றியபடியே நின்றுவிட்டான். லயத்துக்கு மேலே, சரிவின் விளிம்பில், டர்பன்டைன் என்று சொல்லும் மிகப் பெரிய யூக்கலிப்டஸ் மரம். உச்சி முறிந்து பக்கத்து மரத்தின் கவட்டில் மாட்டித் தொங்கியது. அடிமரம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. சாய்ந்த திசையில் நேராகத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்து மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டிடம். அதற்கு இடது பக்கம் சற்றுத் தள்ளி லயம்.

மக்கள் கூடிவிட்டார்கள். தைப்பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. சொந்தக் காம்பராவில், தங்கள் லயத்து அறையில் பொங்க வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை. இன்றைக்கே வெட்டிவிடலாமா என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். ஜெயந்தினி மரத்தைத் தூரத்திலிருந்தே சுற்றிச் சுற்றி வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். மரத்துக்கு மேலே, சரிவில் சற்றுத் தள்ளி, மண்ணில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதற்குள் அவள் கைவிரல்கள் போயின. பிறகு வந்து, இன்றைக்குத் தொங்குகிற உச்சியை மட்டும் இறக்குகிறேன், மற்றதை அப்புறம் சொல்கிறேன் என்றாள்.

தொங்குகிற உச்சிக்கு அடியில் போய் நின்று வெட்டுகிறவன் அங்கேயே கிடப்பான் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், தெரிந்தும் போவார்கள். அவள் போகவில்லை. தொங்கிய கிளை ஒன்றின் முனையில் இரும்புக் கயிற்றை நீளக் கம்பால் மாட்டி, வெகுதூரத்தில் ஒரு பாறையோடு விஞ்சைப் பிணைத்து, ஆண்களை விட்டு மெல்ல மெல்ல இழுக்க வைத்தாள். பக்கத்தில் ஓடிய கம்பிக்காக மின்சார சபைக்கு முதலே சொல்லி சதீசன் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார். பின்நேரம் போல் உச்சி கவட்டிலிருந்து நழுவி, மண் அதிர விழுந்தது. கூட்டம் கைதட்டியது. இனி வெட்டுவதுதானே என்றார்கள்.

அப்போதுதான் அவள் மரத்தின் அடிக்குப் போனாள். கோடாலியின் பின்புறத்தால் சுற்றிலும் தட்டினாள். ஒரு பக்கம் கல்லில் தட்டியது போல, மறுபக்கம் வெறும் பெட்டியைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. மெசினைக் கிளப்பி, வாளை நெட்டுக்குத்தாகப் பிடித்து, நார் ஓடும் போக்கிலேயே நுனியை ஒரு சாண் உள்ளே விட்டாள். முதலில் வெளிறிய தூள் வந்தது. பிறகு சிவப்பு. பிறகு ஊறிய தேயிலைச் சக்கையைப் போலக் கறுத்த ஈரத்தூள் கொழகொழவென்று வழிந்தது. அவள் வாளை வெளியே எடுத்து மெசினை நிறுத்தினாள்.

புவனேந்திரன் கிட்டே வந்து அந்தத் தூளை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தான். அவனுக்கும் புரிந்தது. ஆனாலும் பழைய கை சும்மா இருக்கவில்லை. மரத்தை இடது பக்கம் ஒரு கயிறு போட்டு விஞ்சால் இழுத்துக்கொண்டே வெட்டினால், பிள்ளைக்காம்பராவையும் லயத்தையும் தாண்டிக் கொழுந்து மலைக்குள் போட்டுவிடலாம் என்றான். அவன் செய்திருக்கிறான், இதைவிடச் சாய்ந்த மரங்களை அப்படித் திருப்பியிருக்கிறான். கூடி நின்றவர்களுக்கு அது பிடித்திருந்தது.

"நல்ல மரமா இருந்தா திருப்பலாங்க," என்றாள் ஜெயந்தினி. "திருப்புறது கயிறு இல்ல, கீலு. உள்ள உக்கிப்போன மரத்துல கீலு எங்க நிக்கும்? பாதி திரும்பையில அறுந்துச்சுன்னா நேரா லயத்துமேல போகும்."

"நான் விஞ்சைப் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்துப்பீங்க. மரம் பாத்துக்காது."

அத்தனை பேர் முன்னால் சொன்னது அவனுக்கு வலித்தது. தடியை எடுத்துக்கொண்டு போய்த் தள்ளி உட்கார்ந்தான். அவளுக்கும் தெரிந்தது. ஆனால் அவனைப் போய்ச் சமாதானப்படுத்த அது நேரமில்லை.

சதீசன் பக்கத்தில் வந்து, வேறு வழி என்ன என்று கேட்டார். மண் அள்ளும் பெக்கோ மெசின் ஒன்று வந்து மேலிருந்து பிடித்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றாள். அவர் அங்கேயே நின்று யார் யாருக்கோ போன் அடித்தார். பாதை உடைந்து கிடப்பதால் பெக்கோ வருவதற்குப் பொங்கலும் தாண்டிவிடும் என்று தெரிந்தது. அதற்குள் மீண்டும் மழை வருமென்று வானிலை அறிவிப்பு. மண்ணில் ஓடியிருந்த வெடிப்பை அவள் அவருக்குக் காட்டினாள். மழையில் மரம் தானாக விழுந்தால் வேர் மண்ணையும் புரட்டிக்கொண்டு வரும். அந்த மண் லயத்துக்கு வரும்.

"அப்ப என்ன செய்யிறது?" என்றார் சதீசன்.

ஜெயந்தினி கீழே பார்த்தாள். வெள்ளை அடித்த சுவர். சுவரில் வரைந்திருந்த யானையும் கிளியும்.

"சாயுற பக்கமே விடுறதுதான் ஐயா. பிள்ளைக்காம்பரா மேலதான் விழும். லயத்துக்கு ஒன்னும் ஆகாது."

எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். மரம் வெட்ட வந்தவள் கட்டிடத்தை உடைக்கச் சொல்கிறாளே என்றார்கள். அந்தக் கட்டிடத்துக்காக எத்தனை வருடம் கேட்டு அலைந்தோம் என்று ஒருவர் சொன்னார். வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். ஜெயந்தினி கோபப்படவில்லை. வேறு ஆள் வந்து திருப்பி வெட்டலாம், நான் தடுக்க மாட்டேன், ஆனால் அந்த நேரம் லயத்தில் ஒரு கோழிகூட இருக்கக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் சொன்ன விதத்தில் கூட்டம் சற்று அடங்கியது.

பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவள் ரெங்கம்மா. அந்தத் தோட்டத்தில் இருபது வயதுக்குக் கீழே இருக்கும் அத்தனை பேரையும் தொட்டிலில் ஆட்டியவள். இப்போது அவள் முன்னால் வந்தாள்.

"செவரு நிக்குமா, தங்கச்சி?"

"தெரியாதுக்கா. நிக்கும்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன்."

ரெங்கம்மா கட்டிடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, தகரம், கதவு, ஜன்னல், மரச்சட்டம் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொள்ள நேரம் தருவாயா என்று கேட்டாள். தருகிறேன், ஆனால் மரத்துக்கு இரும்புக் கயிறு போட்டு மேலே பிணைத்த பிறகுதான் யாரும் அடியில் போகலாம், காற்று எழும்பினால் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும் என்றாள் ஜெயந்தினி. சதீசன் தோட்டத்து நிர்வாகத்தோடு கதைக்கப் போனார். நெடுநேரம் கதைத்தார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ஓம் எண்டுட்டினம். புதுசாக் கட்டுறதுக்கு நான் பொறுப்பு எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

அன்று மாலைக்குள்ளும் மறுநாள் காலையிலும் கூம்புமலை மக்கள் தங்கள் பிள்ளைக்காம்பராவைத் தாங்களே பிரித்தார்கள். மேலே மரத்தைப் பாறையோடு இரும்புக் கயிறு பிடித்திருக்க, புவனேந்திரன் ஊதலோடு காவலிருந்தான். தகரங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஆணிகளைக்கூடப் பொறுக்கினார்கள். தொட்டில் கட்டும் கம்பிகள், குழந்தைகளின் சின்ன நாற்காலிகள், சாமிப்படம், திரிபோஷ சத்துமா வைத்திருந்த வாளி எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போயின. ரெங்கம்மா கதவை மட்டும் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அவளும் அவள் தங்கை மகளுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் நான்கு சுவர்களும் யானையும் கிளியும்தான் மிச்சம்.

காற்று இல்லை. மேகம் உயரத்தில் இருந்தது. ஜெயந்தினி தடித்த காற்சட்டையை மாட்டிக்கொண்டாள். வாள் தவறிக் காலில் பட்டாலும் சங்கிலியைச் சிக்க வைத்து நிறுத்துகிற வகைத் துணி அது. ஹெல்மெட், காதுமூடி. மெசினைத் தொடும் முன்னால், மரத்துக்குப் பின்னால் இரு பக்கமும் குறுக்காக மேலே ஏறும் இரண்டு வழிகளைச் செதுக்கினாள். கல்லையும் கொடியையும் ஒதுக்கி, தானே இரண்டு முறை அந்த வழியில் வேகமாக நடந்து பார்த்தாள். அடிமரத்தில், வெட்டப்போகும் இடத்துக்கு மேலே, பிளக்காதபடி இரும்புச் சங்கிலியை இறுக்கிச் சுற்றினாள். மரத்தைப் பிணைத்திருந்த கயிற்றைத் தளர்த்திவிட்டுக் கழற்றச் சொன்னாள். சனங்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பாதையில், மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் நின்றார்கள்.

புவனேந்திரனிடம் போய் நின்றாள். முதல் நாள் மாலையிலிருந்து அவன் தேவைக்கு மேல் பேசியிருக்கவில்லை.

"ஊதுவீங்கதானே?" என்றாள்.

"போ. ஊதுறேன்," என்றான்.

வாய் வெட்டு நன்றாக வந்தது. பிறகு பக்கத்தில் நின்று, வாள் நுனியின் கீழ்ப்பாகத்தை முதலில் பதித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நுழைத்தாள். நுனியின் மேல்பாகம் மரத்தில் பட்டால் மெசின் முகத்துக்கு உதைத்துக்கொண்டு வரும் என்பதால் கை இரண்டும் இறுகியிருந்தன. நல்ல மரத்தில் வாள் முனகியது. உக்கிய நடுவுக்குள் போனதும் சத்தம் இலேசாகி, கறுப்புத் தூள் கொட்டியது. முன்னால் கீலை வழக்கத்தைவிடத் தடிமனாக விட்டாள். பின்னாலும் நன்றாகவே பிடி விட்டாள். மறுபக்கமும் அறுத்து முடித்து, பின்பிடிக்கு வாளைக் கொண்டுவரும்போது ஊதல் கேட்டது.

நீளமான ஒரே ஊதல். அவள் மெசினை நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, பின்வாங்கினாள்.

கீழே, கூரையில்லாத பிள்ளைக்காம்பராவின் பின்பக்கம் ஒரு மனிதர் நடந்து போய்க்கொண்டிருந்தார். சின்னராசா என்ற வயதானவர். மரத்தைப் பிணைத்திருந்த நேரம் அவருடைய ஆட்டை அங்கே கட்டியிருந்தார். அது இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருந்தது. புவனேந்திரனுக்குப் பக்கத்தில் நின்ற சதீசன் அவரை இழுத்து வரப் பாய்ந்தார். புவனேந்திரன் சதீசனின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"வேணாங்கையா. உள்ள ஒரு ஆள் போதும்."

பிறகு அவன் குரலை எடுத்தான். மலைமேல் நின்று மரக்காரர்களுக்குக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை அது. ஆட்டை அவிழ்க்காதே, கயிற்றை அறுத்துவிட்டு லயத்துப் பக்கம் வா, மேலே பார்க்காமல் வா என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பெரியவர் கயிற்றோடு போராடினார். ஆடு ஒரு பக்கம் இழுத்தது, அவர் ஒரு பக்கம் இழுத்தார்.

ஜெயந்தினி தான் செதுக்கிய வழியில் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடு முழுக்க அறுத்துவிட்ட மரம். முன்னால் ஒரு பட்டி, பின்னால் ஒரு பட்டி; இரண்டும் சேர்ந்து அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டு நின்றன. பின்பிடியில் ஒரு சின்ன நெறிப்புச் சத்தம்கூட வரவில்லை. பழைய முறையில் பின்னாலிருந்து அறுத்திருந்தால் இந்நேரம் நிறுத்துவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. இது நிற்கும். காற்று வராத வரைக்கும் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய மூச்சும் சீராகத்தான் இருந்தது. அதை அவளே கவனித்து ஆச்சரியப்பட்டாள்.

ஆடு முதலில் ஓடி வந்தது. பெரியவர் பின்னால் வந்தார். பாதைக்கு வந்ததும் ரெங்கம்மா அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். என்ன திட்டினாள் என்பது மேலே கேட்கவில்லை. புவனேந்திரன் மறுபடி ஒருமுறை எல்லாப் பக்கமும் பார்த்தான். பிறகு குறுகலாக இரண்டு ஊதல் ஊதினான்.

அவள் மெசினைக் கிளப்பி, ஓடும் வழிக்குப் பக்கமாகக் காலை வைத்துக்கொண்டு, பின்பிடியை அறுத்தாள். நார் அறுபட்டதும் மரம் காத்திருந்ததைப் போலக் கிளம்பியது. அவள் திரும்பிப் பார்க்காமல் குறுக்காக மேலே ஏறினாள். பின்னால் காற்று கிழிகிற சத்தம், பிறகு மலை முழுவதும் எதிரொலித்த ஓர் அடி, பிறகு செங்கல் சரிகிற சத்தம். திரும்பியபோது தூசிக்குள் ஒன்றும் தெரியவில்லை.

தூசி அடங்கியதும் பார்த்தால், முன்சுவரும் ஒரு பக்கச் சுவரும் போய்விட்டிருந்தன. மற்ற இரண்டும் நின்றன. யானை போயிற்று, கிளி இருந்தது. லயத்துக் கூரையில் ஒரு சுள்ளிகூட விழவில்லை.

சனங்கள் அவளைச் சூழ்ந்துகொள்ள வந்தார்கள். விழுந்த மரத்தின் கிளைகள் வில்லாக வளைந்து கிடக்கின்றன, எதுவும் தெறிக்கலாம், யாரும் கிட்டே வரக் கூடாது என்று அவள் அவர்களைத் தடுத்தாள். அவளும் புவனேந்திரனும் மட்டும் அடிக்கட்டையிடம் போனார்கள். நடுவில் ஒரு குண்டானை இறக்கி வைக்கிற அளவுக்குக் குழி, உள்ளே கறுத்த சேறு. கீல் இருந்த இடத்தில் ஓர் ஓரத்தில் மட்டும் நல்ல நார் கிழிந்து நின்றது. மறு ஓரம் ரஸ்க்கைப் போல உதிர்ந்திருந்தது. புவனேந்திரன் தடியைச் சாய்த்து வைத்துவிட்டு மெல்லக் குனிந்து, அந்த ஓரத்தைக் கையால் தொட்டான். கையோடு வந்தது.

"கயிறு போட்டிருந்தா இந்தப் பக்கந்தான் இழுத்திருப்பேன்," என்றான்.

அவள் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவனிடம் முதலில் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, அடுத்த தடவை பேசும்போது அத்தனை பேர் முன்னால் பேசாதே, தனியாகக் கூப்பிட்டுச் சொல் என்றான். சரி என்றாள். அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது.

கிளைகளை வெட்டி மரத்தைத் துண்டு போட இன்னும் இரண்டு நாள் ஆனது. லயத்து ஆட்கள் பொங்கலுக்கு முன்பே வீடு திரும்பினார்கள். அந்த வருடம் பொங்கல் அடுப்புகளுக்கு விறகு தேட யாரும் மலை ஏறவில்லை. பிள்ளைக்காம்பராவை ரெங்கம்மா கொஞ்சக் காலம் லயத்து இஸ்தோப்பு ஒன்றில், வாசல் திண்ணையில் நடத்தினாள். சதீசன் சொன்னபடியே ஓடித்திரிந்தார். சரிவுக்கு அடியில் வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சமதரையில் அத்திவாரம் வெட்டினார்கள். கழற்றி வைத்த தகரங்களில் பெரும்பகுதி அங்கே கூரையாகிவிட்டது. சுவரில் என்ன வரைவது என்று இப்போது ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

ஜெயந்தினிக்குத் தொழில் மடுல்சீமையையும் பசறையையும் தாண்டிவிட்டது. போன வாரம் பெரகலச் சந்தியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். கடைகளுக்குப் பின்னால் வேர் கிளம்பிய ஒரு மரம். கணவனும் மனைவியுமாகப் போய் இறங்கினார்கள். மரத்தைச் சுற்றி வந்தாள், தட்டினாள், அண்ணாந்து பார்த்தாள். பள்ளத்திலிருந்து காற்று சுழன்று சுழன்று ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுத் தயாராக நின்றார்கள். அவள் புவனேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான். பிறகு அவள் கடைக்காரர்களிடம் வந்து, காற்று நிற்கட்டும், நாளைக்குக் காலையில் வந்து வெட்டித் தருகிறேன், அதுவரைக்கும் பின்கதவுப் பக்கம் யாரும் புழங்க வேண்டாம் என்றாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போவதா என்று ஒருவர் கேட்டார். ஆமாங்க என்றாள். ஆளுக்கு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, இருவரும் பண்டாரவளைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள்.